புளி போட்டு மினுக்கின பிறேக் லைட்

றமீஸ்! றமீஸ்! றமீஸ்!

பாருங்க, ஆசை தீர எழுதிக் கூப்பிட்டுட்டன். உம்மா பக்கத்தில குந்திக் கீரை ஆயிறா. அவவுக்கு வாசிக்கக் கண்ணாடி வேணும், கண்ணாடி அறைக்குள்ள கிடக்கு, அதால தப்பிட்டன். புருசன்ட பேரச் சொல்லிக் கூப்பிட்டா எங்கட ஊட்டில வாயில உறைக்கிற கொச்சிக்காத்தூள் போடுவாங்க. கலியாணம் முடிச்ச நாளில இரிந்து எனக்கு நீங்க "இஞ்சாருங்க"தான். இப்ப நீங்க மவுத்தாகி மண்ணுக்குள்ள போய்ட்டீங்க. இனி ஆரு வந்து எனக்கு ஏசப் போறாங்க? றமீஸ்! இன்னொருக்கா, றமீஸ்!

சரி, நீங்க கொஞ்சம் பொறுங்க. மத்த ஆக்களோடயும் கதைக்கணும்.

இத எழுதச் சொன்னது ஹில்மி. அவர்ர தம்பி. இப்ப ஓட்டமாவடியில எங்கட கடைய அவன்தான் நடத்துறான், கூட ரெண்டு கூட்டாளிமாரும். வாகனத்துக்குப் பழைய பல்பக் கழட்டிப்போட்டு எல்.ஈ.டி. போடுற கடை. நாள் தவறாம போன் வரும். "மதினி, சிக்னல் கடகடகட எண்டு அடிக்குது, என்ன செய்யிற?" "மதினி, இந்த பல்ப் எரியுதே இல்ல." நான் சொல்லுவன், "மத்தப் பக்கம் கிறுக்கிப் போட்டுப் பாரு, எல்.ஈ.டி.க்குத் தலைகீழாப் போட்டாப் பிடிக்காது." கிறுக்கிப் போட்டா எரியும். மறுகா சிரிப்பான். "மதினி, நீங்க பென்சன் எடுத்த ஆள். இதெல்லாத்தையும் ஒருக்கா எழுதித் தாங்களன், நாங்க செவுத்தில ஒட்டி வெக்கிறம்" எண்டான்.

பென்சனாம்! எனக்கு இன்னும் முப்பதே ஆகல்ல. படிச்சதும் ஒன்பதாம் வகுப்போட நிண்டுட்டு. எழுத்துப்பிழை இரிந்தா சிரிங்க, ஆனா மெதுவாச் சிரிங்க.

நான் இந்த வேலைக்கு வந்த கதை ஒரு செங்கல்லால வந்த கதை. அப்ப அவரு தனிய வேலை செய்த. பின்னால பிறேக் லைட் எரியுதா எண்டு பாக்கணும் எண்டா முன்னால ஒருத்தர் பிறேக்க மிதிக்கணும். ஆள் இல்ல. அதால ஒரு செங்கல்ல பிறேக்கில வெச்சிட்டுப் பின்னால ஓடுவாரு. இவரு போய்ச் சேரக்குள்ள செங்கல் சரிஞ்சி விழும். திரும்பி ஓடி வருவாரு. நான் பகல் சோறு கொண்டு போனவ, ஓட்டோக்குப் பக்கத்தில நிண்டு பாக்கன், மனிசன் முன்னுக்கும் பின்னுக்கும் கோழி மாதிரி ஓடுறாரு. எனக்குச் சிரிப்பு அடக்க ஏலாமப் போய்ட்டு. "விடுங்க, நான் மிதிக்கன்" எண்டு ஏறிக் குந்தினன். அண்டைக்கு ஆறின சோறுதான் திண்டாரு. அடுத்த நாள் செங்கல்லத் தூக்கி வாசலுக்குப் போட்டாரு. ஹில்மி, இப்பவும் கடை வாசல்ல சப்பாத்து கழட்டுற இடத்தில கிடக்கிற செங்கல் அதுதான். எறிஞ்சிராத!

வேலை பழகினது பெரிய கதை இல்ல. வயர் உரிக்கப் பழகினன், ஈயம் உருக்கிப் பத்தப் பழகினன், கைய ரெண்டு மூணு தரம் சுட்டுக்கிட்டன். அவ்வளவுதான். மத்ததெல்லாம் முன் சீட்டில குந்திக்கிட்டே வந்தது.

எங்கட சட்டம் இதுதான். நான் முன்னால, அவரு பின்னால. அவரு சத்தம் போடுவாரு, "பார்க்!" நான் பார்க் லைட்டப் போடுவன். எரிஞ்சா "ஓம்!" எண்டுவாரு. "பிறேக்!" மிதிப்பன். "ஓம்!" "இடது!" "ஓம்!" "வலது!" "ஓம்!" "றிவேர்ஸ்!" "ஓம்!" ஓம் வராட்டி நான் காலை எடுக்கப் படாது. அந்த ஓமை அவரு சும்மா சொல்ல மாட்டாரு. மீன் விக்கிறவங்க கூவுற மாதிரி நீட்டிச் சொல்லுவாரு. ரோட்டில போற ஆக்களும் சிரிச்சிக்கிட்டு "ஓம்!" எண்டு சொல்லிட்டுப் போவாங்க. எதிர்க் கடை தையல்காரர் மிசின்ல இரிந்துகிட்டே சொல்லுவாரு.

நான் அவரக் கூப்பிடுறதுதான் பெரிய கரைச்சல். கராஜில நிண்டு "இஞ்சாருங்க" எண்டா நாலு ஆம்பிளைகள் கிறுகிப் பாப்பாங்க. பேரச் சொல்லவும் ஏலாது. அதால ஹோர்னைச் சின்னதா ஒருக்கா அடிப்பன், ப்பிப். உடனே வருவாரு. ஒருநாள் ரோட்டில போன ஆரோ ப்பிப் எண்டு அடிக்க, இவரு கையில ஸ்க்ரூ டிரைவரோட ரோட்டுக்கே ஓடிட்டாரு!

அவர்ர வேலை செய்யிற விதத்த ஹில்மியாக்கள் நல்லாக் கேட்டுக்கங்க. லைட்டுக் கண்ணாடிய கழட்ட முதல் தன்ட பழைய வெள்ளைச் சாரன் துண்ட பொனட்டில விரிப்பாரு. கழட்டுற ஆணிய, அது எந்த மூலையில இரிந்ததோ அந்த மூலையிலயே துணியிலயும் வெப்பாரு. வாயில ஆணி கவ்வினா அவருக்குப் பிடிக்கா. பல்லால வயர் உரிச்சா இன்னும் பிடிக்கா. ரெண்டு வயர முறுக்கி டேப் சுத்தினா, "இது என்ன, காயத்துக்குக் கட்டுப் போட்டிருக்கீங்களா?" எண்டு கேப்பாரு. ஈயம் பத்தி, சூட்டில சுருங்குற குழாய் போட்டுச் சூடு காட்டி ஒட்டணும். சிவப்புக் கண்ணாடிக்குப் பின்னால சிவப்பு எல்.ஈ.டி.தான், வெள்ளை போட்டா ரோஸ் கலர்ல எரியும். "லொறி என்ன கலியாணத்துக்கா போகுது?" எண்டுவாரு. எல்லாம் சிரிப்புத்தான். கோவம் வந்தா மட்டும் என்னோட பேச்சு மாறும். "புள்ள" எண்டு கூப்பிடுறவரு, "சிபானா அவர்களே" எண்டு தொடங்குவாரு. அப்ப நான் ஓடிப் போய்த் தேத்தண்ணி ஊத்துவன். வேலை சரி வந்தாலும் சரி எண்டு சொல்லமாட்டாரு. தேத்தண்ணி கேப்பாரு. தேத்தண்ணி கேட்டா வேலை சரி எண்டு அர்த்தம்.

ஹெட் லைட்டுக்கு இன்னொரு முறை. பழைய பல்பக் கழட்ட முதல் வாகனத்த எதிர்ச் செவுத்துக்கு நேரா நிப்பாட்டி, வெளிச்சம் எதுவரைக்கும் ஏறுது எண்டு பாத்துக் கரியால கோடு கீறுவாரு. எல்.ஈ.டி. போட்ட மறுகா அந்தக் கோட்டுக்கு மேல வெளிச்சம் ஏறப் படாது. எல்.ஈ.டி. சிப்பு ரெண்டும் இடமும் வலமும் பாக்கணும். மேலயும் கீழயும் பாத்தா தென்னமரத்துத் தேங்காய்தான் வெளிச்சமாத் தெரியும்.

மண்டூரில இரிந்து ஒரு ஓட்டோக்காரத் தம்பி வந்தான். முன்னால ஊதா லைட்டு வேணுமாம், கண்ணக் கூசணுமாம். இவரு சண்டை பிடிக்கல்ல. வேற ஓட்டோல இரிந்த கண்கூசுற லைட்டப் போட்டு அவன அதுக்கு முன்னால நிப்பாட்டினாரு. "இப்ப நான் எங்க நிக்கன் எண்டு சொல்லு." அவன் கைய நெத்தியில வெச்சிக்கிட்டு, "அங்க... இல்ல, இங்க..." எண்டு தடவுறான். இவரு பூனை மாதிரிக் குனிஞ்சி போய் அவன்ட ஒரு செருப்பக் கழட்டி எடுத்திட்டு வந்திட்டாரு! லைட்ட அணைச்சி நூத்தாப் பிறகு பொடியன் ஒரு கால்ல நிக்கான். "எதிர்ல வாறவனுக்கு இப்பிடித்தான் இரிக்கும். உனக்குச் செருப்போட போய்ட்டு, அவனுக்குக் காலே போகும்." பொடியன் சிரிச்சிக்கிட்டே சாதா வெள்ளை போட்டுக்கிட்டுப் போனான்.

இப்படிச் சிரிச்சிக்கிட்டு இரிக்கக்குள்ளதான் வாப்பாட கோவம் வந்தது.

வாப்பா மீன் லொறி ஓடுறவரு. வாழைச்சேனைத் துறையில மீன் ஏத்தி, வெலிக்கந்தப் பக்கத்தால தம்புள்ளைக்குக் கொண்டு போவாரு. எங்கட பக்கம் மாப்பிள்ளைதானே பொண்ணு ஊட்டுக்கு வாற. அதால முன் ஊட்டில வாப்பா உம்மா, பின் ஊட்டில நாங்க. துறையில ஆரோ சொல்லிட்டாங்களாம், "உங்கட மகள் லொறிக்கு அடியில படுத்துக் கிடக்காள்" எண்டு. வாப்பா வந்து முற்றத்தில நிண்டாரு. என்னைப் பாக்கல்ல. அவரத்தான் பாத்தாரு.

"மருமகன், இவள் இனி கடைக்கு வரமாட்டாள்."

ஊட்டில இரிக்கிறது எனக்குப் பிரச்சினை இல்ல. அந்த முன் சீட்டு இல்லாம, அந்த ஓம் இல்லாம நாள் முழுக்க என்ன செய்யிற?

அவரு மெதுவாச் சொன்னாரு, "மாமா, அவ இல்லாட்டி என்ட வேலை சரி வராது."

"அவள் என்ன செய்யிறாள்? பிறேக்க மிதிக்காள். அத ஒரு கல்லும் செய்யும்."

"கல்லு செய்யாது மாமா. நான் வெச்சிப் பாத்தன்."

எனக்கு அந்த நேரத்திலயும் சிரிப்பு வந்திட்டு. உம்மா என்ட தொடையில நுள்ளினா. வாப்பா கொஞ்சம் யோசிச்சாரு. "சரி. என்ட லொறிக்கு ரெண்டு பேரும் சேந்து போடுங்க. ஒரு குறையும் இல்லாம வந்தா நான் வாயத் திறக்கமாட்டன். குறை வந்தா அவள் ஊட்டில."

அல்லாட காவல்! உலகத்தில எத்தனையோ வாகனம் இரிக்கி, மீன் லொறிதானா கிடைச்சது? ஐஸ் தண்ணியும் உப்புத் தண்ணியும் வடிஞ்சி வடிஞ்சி, பின் லைட்டுக்குள்ள பல்ப் மாட்டுற பித்தளை ஹோல்டரெல்லாம் பச்சை பிடிச்சிக் கிடந்தது. ஒவ்வொண்டாக் கழட்டினாரு. அண்டைக்கு அவரு சிரிக்கவே இல்ல. மாமனாருட லொறி எல்லோ! ஹோல்டர் எல்லாத்தையும் ஊட்டுக்குக் கொண்டு போய், அடுத்த நாள் கொண்டு வந்தாரு. றப்பே, பொன் மாதிரி மினுங்குது! "எப்பிடிங்க?" எண்டன். "அது தொழில் ரகசியம்" எண்டாரு, மூக்க உசத்திக்கிட்டு.

நல்ல வெயில்ல நிப்பாட்டித்தான் எல்லாத்தையும் போட்டுப் பாத்தம். பார்க் ஓம், பிறேக் ஓம், சிக்னல் மட்டும் கடகடகட எண்டு பயந்த ஆட்டுக்குட்டிட நெஞ்சு மாதிரி அடிச்சிது. எல்.ஈ.டி. கொஞ்சமாத்தான் கரண்ட் இழுக்கும், அதால சிக்னல விட்டு விட்டு எரிய வெக்கிற பழைய பிளாஷர், பல்ப் போய்ட்டு எண்டு நினைச்சி அப்பிடி அடிக்கிற. எல்.ஈ.டி.க்கெண்டு வாற பிளாஷரப் போட்டாரு, நிதானமாகிட்டு. தேத்தண்ணி கேட்டாரு! நான் துள்ளிக்கிட்டுப் போய் ஊத்தினன்.

அடுத்த நாள் வெள்ளென, சுபஹுக்குப் பிறகு வாப்பா துறையில இரிந்து நேரா ஊட்டுக்கு வந்திட்டாரு. மீன் ஏத்தாம.

"மருமகன்! துறையில எல்லாரும் என்னைப் பாத்துச் சிரிக்காங்க. 'காக்கா, பிறேக்கில காலை வெச்சிக்கிட்டா வண்டி ஓடுறீங்க' எண்டு கேக்காங்க!"

ஓடிப் போய்ப் பாத்தம். உண்மைதான். பார்க் லைட்டப் போட்டாலே பிறேக் லைட்டும் சேந்து எரியுது. மிதிச்சாலும் ஒண்டுதான், விட்டாலும் ஒண்டுதான். வெயில்ல எங்களுக்குத் தெரியாமப் போய்ட்டு. பின்னால வாறவனுக்கு லொறி நிக்குதா ஓடுதா எண்டு எப்பிடித் தெரியும்? வெலிக்கந்தப் பக்கம் ஆனை குறுக்க வந்து வாப்பா பிறேக் போட்டா, பின்னால வாறவன் வந்து ஏறிருவான்.

"பகல் சோத்துக்குப் பிறகு வந்து லொறிய எடுக்கன்" எண்டாரு வாப்பா. "மகள், நீ ஊட்டிலயே இரு."

அவரு வயரையெல்லாம் பிடிச்சிப் பிடிச்சிப் பாக்காரு. ஏர்த்துக்கு வேற வயர் இழுத்தாரு. பிறேக் சுவிச்சப் பாத்தாரு. ஒண்டும் இல்ல. அவரு சும்மா நிண்டு முழிச்சத அண்டைக்குத்தான் பாத்தன். நான் அழுதுக்கிட்டே குசினிக்குப் போய்ட்டன், வாப்பாக்குப் பகல் சோறு ஆக்கணும் எண்டு. வாப்பாக்கு மீன் புளியாணம் எண்டா உசிர். அதையாவது நல்லா வெச்சா மனசு இளகும் எண்டு நினைச்சன். புளிச் சட்டியத் திறந்தா, புளி இல்ல! புதுசா வாங்கின முழு உருண்டையக் காணல்ல.

"உம்மோவ், புளி எடுத்தீங்களா?"

"நான் ஏன்கா உன்ட புளிய எடுக்கன்?" எண்டா உம்மா. "உன்ட மாப்பிள்ளைதான் முந்தநாள் கிணத்தடியில குந்தி என்னத்தையோ புளி போட்டுத் தேச்சிக்கிட்டு இரிந்தாரு. சாம்பலும் கேட்டாரு. நான் செம்புக் குடம் மினுக்கித் தாறாரு எண்டு சந்தோசப்பட்டன்!"

நான் அகப்பையக் கையோட பிடிச்சிக்கிட்டு ஓடினன். பேரச் சொல்ல ஏலாதே, லொறிக்குள்ள ஏறி ஹோர்ன அடிச்சன். ப்பிப் இல்ல. ப்பீஈஈஈப்! லொறிக்கு அடியில கிடந்தவரு துள்ளி எழும்பி மண்டைய இடிச்சிக்கிட்டாரு.

"நீங்க ஹோல்டருக்குப் புளியா போட்டீங்க?"

மண்டையத் தடவிக்கிட்டு என்னைப் பாக்காரு, அகப்பையப் பாக்காரு. "என்ட உம்மா பித்தளைக் குடத்துக்கு அதுதானே போடுவா" எண்டாரு, சின்னப் புள்ள மாதிரி. மறுகா அவர்ர கண் பெருசாகிட்டு. எனக்கு அவரு சொல்லாமலே விளங்கிட்டு. ஹோல்டர்ட அடியில பார்க்குக்கு ஒரு முனை, பிறேக்குக்கு ஒரு முனை, நடுவுக்க விரல் அகலம் கூட இல்ல. அந்த இடுக்கில புளியும் சாம்பலும் ஒட்டிக் கிடக்கு. துறைக் காத்தில ஈரம் பட, பார்க்குக்குப் போற கரண்ட் புளி வழியா பிறேக்குக்கும் ஒழுகுது. பழைய பல்புக்கு அந்த ஒழுக்குக் காணாது, எரியா. எல்.ஈ.டி.க்கு அது போதும், எரியும்!

ரெண்டு பேரும் சிரிச்ச சிரிப்பு! அவரு டயரப் பிடிச்சிக்கிட்டுக் கீழ குந்திட்டாரு. நான் அகப்பையால அவர்ர முதுகில அடிக்கன், அடிக்கச் சிரிப்புக் கூடுது. "மாமாட லொறிக்குப் புளியாணம் வெச்சிட்டனே, புள்ள!" எண்டு கத்துறாரு. உம்மா வேலியால எட்டிப் பாத்து, "ரெண்டுக்கும் பைத்தியம் பிடிச்சிட்டு" எண்டா.

சிரிச்சி முடிச்சி, கொதிதண்ணி வெச்சம். பழைய பல் பிரசால ஒவ்வொரு ஹோல்டரயும் நான் தேச்சன், அவரு பெற்றோல்ல துடைச்சி வெயில்ல காய வெச்சாரு. அரிச்சுப் போனத எறிஞ்சிட்டுப் புதுசு போட்டாரு. பிறேக் வயருக்கு ஒரு ரெசிஸ்டரும் வெச்சாரு, கொஞ்சம் ஒழுகினாலும் எரியாம இரிக்க. ஹில்மி, அது சுடும். பிளாஸ்டிக்கில வெச்சிராத, இரும்பில வெச்சி ஆணி இறுக்கு.

வாப்பா பகல் சோறு திண்டாரு. பொரிச்ச மீன்தான். "புளியாணம் எங்க?" எண்டாரு. உம்மா முந்தானையால வாயப் பொத்திக்கிட்டா.

இந்த முறை வெயில் இறங்கட்டும் எண்டு அவரு வாப்பாட்டக் கேட்டாரு. அசறு தொழுதிட்டு, வெளிச்சம் மங்கின நேரம் லொறிய முற்றத்தில நிப்பாட்டினம். நான் முன்னால ஏறிக் குந்தினன். இதுதான் கடைசித் தரமோ எண்டு ஸ்டியரிங்கத் தடவிப் பாத்தன். அவரு வழமை போலப் பின்னால போனாரு. வாப்பா சொன்னாரு, "நீங்க ஒதுங்குங்க மருமகன். நான் பாக்கன்."

அவரு என்ட பக்கத்துக் கதவடிக்கு வந்து நிண்டாரு. நான் பார்க்கைப் போட்டன். பின்னால சத்தமே இல்ல. பிறேக்க மிதிச்சன். சத்தமில்ல. காலை எடுத்தன், திரும்ப மிதிச்சன். ஒரு சத்தமும் இல்ல. எனக்குக் கண்ணீர் வந்திட்டு. எல்லாம் முடிஞ்சிது எண்டு நினைச்சன்.

அவரு எட்டிக் கத்தினாரு, "மாமா! எரிஞ்சா ஓம் சொல்லணும்!"

"எதுக்கு? எரியுதுதானே!"

"அது உங்களுக்குத் தெரியும் மாமா. முன்னால இரிக்கிற ஆளுக்குப் பின்னால எரியுறது தெரியாதே. நீங்க சொன்னாத்தான் அவ காலை எடுப்பா."

வாப்பா தன்ட கரகரத்த குரல்ல, வெக்கத்தோட, "...ஓம்" எண்டாரு.

நான் காலை எடுத்தன். "கொறைஞ்சிட்டு!" எண்டாரு. மிதிச்சன். "ஓம்!" விட்டன். "கொறைஞ்சிட்டு!" இடது, "ஓம்!" வலது, "ஓம்!" போகப் போக வாப்பாட குரல் உசந்துக்கிட்டே போகுது, கடைசியில ஊருக்கே கேக்குது. அவரு கதவில சாஞ்சி சத்தமில்லாமச் சிரிக்காரு, தோள் ரெண்டும் குலுங்குது. வாப்பா சுத்திக்கிட்டு முன்னால வந்து, முகத்த இறுக்கி வெச்சிக்கிட்டு, "அடுத்த கிழமை துறையில இரிந்து இன்னும் ஒரு லொறி வரும். நேரத்தோட கடையத் திறங்க, ரெண்டு பேரும்" எண்டாரு.

அவரு என்னைப் பாத்துச் சொன்னாரு, "புள்ள, ஒரு தேத்தண்ணி."

அதுக்குப் பிறகுதான் எரியுறத மட்டும் பாத்தாக் காணாது, மிதிச்ச காலை எடுக்க நூருறதையும் பாக்கணும் எண்டு கடையில சட்டம் வந்தது. ஹில்மி, செவுத்தில ஒட்டுறதெண்டா இத ஒட்டு. புளியப் பத்தியும் எழுதலாம், உன்ட நானா, என்ட மனிசன், கோவிக்கமாட்டாரு.

அவரு போனது டெங்குக் காய்ச்சல்ல. சிரிச்சிக்கிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனாரு. "ஒரு வேன் றிவேர்ஸ் லைட்டில நிக்குது, வந்து முடிப்பம்" எண்டாரு. ஊட்டுக்கு வந்தது மையித்துத்தான். அந்த வேனை ஹில்மி முடிச்சிக் குடுத்தான்.

புருசன் மவுத்தானா ஊட்டுக்குள்ள இரிக்கிற நாலு மாசம் பத்து நாள் இத்தா முடிஞ்சி நான் வெளிய வந்த அண்டைக்கு வாப்பா லொறியக் கொண்டு வந்து முற்றத்தில விட்டாரு. "ஏறிக் குந்து மகள்" எண்டாரு. நான் குந்தினன். வாப்பா பின்னால நடந்து போனாரு. நான் பிறேக்க மிதிச்சன். "ஓம்!" எண்டாரு வாப்பா. கரகரத்த குரல் ரெண்டாப் பிளந்து வந்தது. நான் மிதிக்க மிதிக்க அவரு சொல்லிக்கிட்டே இரிந்தாரு. எல்லா லைட்டும் பாத்து முடிஞ்சும் ரெண்டு பேரும் விடல்ல. நான் அழுதுக்கிட்டுச் சிரிச்சன்.

"கடைக்குப் போ மகள்" எண்டு இப்ப நாள் தவறாமச் சொல்லுறவரும் வாப்பாதான். போகத்தான் ஆசை. ஆனா ஹில்மிட ஓமும் மவுத்தான அவர்ர ஓமும் ஒரே குரல். அது பின்னால இரிந்து வந்தா நான் கிறுகிப் பாத்திருவன். அதால பென்சன் எடுத்த ஆளாவே இரிக்கன். கேள்வி இரிந்தா போன் எடுங்க.

எங்கட ஆக்கள் மவுத்தானவங்களுக்கு என்ன துஆ கேக்கிற? யா அல்லாஹ், அவர்ர கபுற, அந்த மண்ணறைய, வெளிச்சமாக்கி வை எண்டுதானே. நானும் தொழுதிட்டு அதத்தான் கேக்கன். கேக்கக்குள்ள சில நேரம் சிரிப்பும் வருது, வெளிச்சம் வந்த உடனே அவரு எழும்பிக் கரியால கோடு கீறி, பக்கத்துக் கபுறுக்காரங்கட கண்ணக் கூசுதா எண்டு பாப்பாரு.

வாசிக்கிற எல்லாரும் அவருக்காக ஒரு துஆ கேளுங்க. பேரு றமீஸ். பேரச் சொல்லியே கேளுங்க. நான் முன்னால குந்தி இரிக்கன், எனக்குப் பின்னால எரியுறது தெரியாது. கொஞ்சம் சத்தமா ஆமீன் சொல்லுங்க.